முதலில் கறி, அப்புறம் காய்

மிச்சிகனில் டிசம்பர் மாதம் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். வேலை முடிந்து நான் வீட்டுக்குள் நுழையும்போது மணி 5:15. மனைவி மருத்துவமனையில் நர்ஸ். வாரத்தில் மூன்று நாள் இரவு ஏழு மணியிலிருந்து காலை ஏழு மணி வரை அவளுக்கு வேலை. 6:20-க்கு அவள் காரை எடுத்தாக வேண்டும். இடையில் கிடைப்பது ஒரு மணி ஐந்து நிமிடம். அதற்குள் சமைக்க வேண்டும், நாங்கள் இருவரும் பிள்ளைகள் இருவருமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், நடுச்சாமத்தில் அவள் சாப்பிட ஒரு டப்பாவும் கட்ட வேண்டும்.

அந்த மூன்று நாளும் சமையல் என் பொறுப்பு. சில வருடங்களாக அந்த நேரத்தில் நான் அதிகம் சமைத்தது ஒன்றைத்தான்: அரைத்த வான்கோழிக் கறியும் நாலைந்து காயும் சேர்த்து, ஒரே இரும்புச் சட்டியில், அரை மணி நேரத்தில் முடிகிற சமையல். அமெரிக்க வீடுகளில் வாரநாள் ராத்திரிக்கு இது சர்வசாதாரணம். ‘ஸ்கில்லெட்’ என்று அவர்கள் சொல்வது நம் வாணலியைவிடத் தட்டையான, நீளக் கைப்பிடி வைத்த சட்டி. ‘கிரவுண்ட் டர்க்கி’ என்பது எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும் அரைத்த வான்கோழி. செய்முறை எளிதுதான். ஆனாலும் அது எனக்குச் சரியாக வர ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்தது. அந்தக் குளிர்காலத்தில் படித்த பாடங்களை, இந்த நாட்டுக்குப் புதிதாக வந்து இரவுச் சாப்பாட்டோடு மல்லுக்கட்டும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

ஏன் வான்கோழி?

எங்கள் ஊர் மதுரை. கொத்துக்கறி என்றால் அங்கே ஆட்டுக்கறிதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்காரர் மரக்கட்டையில் வைத்துக் கண்ணெதிரே கொத்தித் தருவார். இங்கே ஆட்டுக்கறி வேண்டுமென்றால் ஹலால் கடை இருக்கும் ஊர் வரை சனிக்கிழமை காரில் போய் வரவேண்டும். அது விருந்துக்குச் சரி. செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கு ஆகாது. நாற்பது வயது தாண்டியதும் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்குக் கெட்ட கொழுப்பு கூடியிருந்தது. ஆடு, மாடு எல்லாம் குறைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். அப்படித்தான் வான்கோழி எங்கள் வீட்டுக்குள் வந்தது.

முழு வான்கோழியை இங்கே நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை, தேங்க்ஸ்கிவிங் அன்று, மணிக்கணக்கில் சுடுவார்கள். அரைத்தது வருடம் முழுக்கக் கிடைக்கும். வாங்கும்போது பாக்கெட்டில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 85/15, 93/7, 99/1 என்று மூன்று வகை வரும். முதல் எண் கொழுப்பில்லாத கறி எத்தனை சதவீதம் என்பது, இரண்டாவது எண் கொழுப்பு. நான்கு அவுன்ஸ், அதாவது 112 கிராம் கறி எடுத்தால், 93/7-இல் எட்டு கிராம் கொழுப்பு இருக்கும். 85/15-இல் பதினேழு கிராம். 99/1 என்பது வெறும் நெஞ்சுக்கறி. உடம்புக்கு நல்லது என்று முதலில் நான் அதைத்தான் வாங்கினேன். சட்டியில் போட்டதும் மரத்தூள் மாதிரி உதிர்ந்து, தொண்டையில் அடைத்தது. 85/15 ருசியாக இருக்கும், ஆனால் எண்ணெயை வடித்துக் கொட்ட வேண்டிவரும். தினப்படிச் சமையலுக்கு 93/7 தான் சரி. இப்போது வேறு எதையும் வாங்குவதில்லை.

சாம்பல் நிறத்தில் வந்த முதல் சமையல்

முதல்தடவை நான் செய்தது ஊர்க் கொத்துக்கறி முறை. எண்ணெய், சோம்பு, பட்டை, வெங்காயம், தக்காளி எல்லாம் வதக்கி, மசாலா போட்டு, அதன்மேல் ஒரு பவுண்டு வான்கோழியைக் கொட்டி மூடி வைத்தேன். பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் சட்டி நிறையத் தண்ணீர். நடுவில் கறி சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக மிதந்தது. வற்றட்டும் என்று தீயைக் கூட்டினேன். வற்றவும் இல்லை, மணி மட்டும் ஓடியது. காய்களை அந்தத் தண்ணீரிலேயே போட்டேன், அவையும் கொழகொழவென்று ஆகிவிட்டன. மணி 6:15. யாரும் உட்காரவில்லை. பிள்ளைகள் பிரெட்டில் வெண்ணெய் தடவித் தின்றார்கள். மனைவி டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் காலை டப்பாவைக் கழுவப்போனால் முக்கால்வாசி அப்படியே இருந்தது. “ராத்திரி ரொம்ப பிஸி, சாப்பிட நேரமில்லைங்க” என்றாள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வருகிறவள், என் மனம் நோகக் கூடாதென்று அப்படிச் சொன்னாள். பசியோடு வேலை பார்த்திருக்கிறாள் என்பதுதான் எனக்கு உறைத்தது. இதைச் சரியாகக் கற்றுக்கொள்வது என்று அன்று முடிவு செய்தேன்.

அம்மாவின் காது

அம்மாவைக் கேட்கலாமென்றால் நேரம் இடிக்கும். இங்கே குளிர்காலத்தில் மாலை ஐந்தரை என்றால் மதுரையில் விடிகாலை நான்கு மணி. சனிக்கிழமை காலை வரை காத்திருந்து போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

“ஏம்ப்பா, அது என்ன கறி? வான்கோழியா?” என்றாள். “நா அத ஆக்குனதில்ல. ஆனா கோழிய அரைச்சாலே தண்ணி விடும்ப்பா. நீ தக்காளியும் போட்டு மூடியும் வச்சா அது வேகத்தான செய்யும், எங்க வறுபடும்? மொதல்ல கறிய மட்டும் போடு. தண்ணி வத்துற வரைக்கும் வேற எதையும் போடாத. சத்தம் மாறும். காதக் குடுத்துக் கேளு.”

பிறகு புத்தகங்களில் படித்தபோது அம்மா சொன்னதற்கான காரணம் புரிந்தது. பச்சை வான்கோழிக் கறியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் கறிக்குள் 300 கிராமுக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. அரைக்கும்போது தசை நார்கள் அறுபடுவதால், சூடு பட்டதும் அது சுலபமாக வெளியே வரும். சட்டியில் தண்ணீர் நிற்கும்வரை சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கறி சிவந்து மணம் வருவதற்கோ ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். கறியிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து அந்த நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. 1912-இல் இதை விளக்கிய பிரெஞ்சு அறிவியலாளர் லூயி கமீல் மையார் பெயரால் அதற்கு மையார் வினை என்று பெயர். ஆட்டுக்கறியில் இயற்கையாகவே ருசி அதிகம். தண்ணீரில் வெந்தாலும் குழம்பு ருசிக்கும். வான்கோழி சாதுவான கறி. சிவக்க வறுத்தால்தான் அதற்கு ருசி வரும். அவித்தால் ஒன்றும் இருக்காது.

நான் கற்றதில் முதன்மையானது இதுதான். வாரநாள் சமையலில் நேரத்தை மிச்சப்படுத்துவது வேகம் என்று நினைத்திருந்தேன். வரிசைதான் மிச்சப்படுத்துகிறது. எது முதலில், எது பின்னால், எது கடைசியில் என்பது சரியாக இருந்தால் அவசரப்படத் தேவையே இல்லை.

அடை தட்டுவது போல

இப்போது நான் செய்யும் முறை இது.

வீட்டுக்கு வந்ததும் கை கழுவிவிட்டு முதல் வேலையாகக் கறியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, பேப்பர் டவலால் ஒற்றி ஈரத்தை எடுப்பேன். கால் டீஸ்பூன் சமையல் சோடாவை ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கறியில் தெளித்து, விரல்நுனியால் லேசாகக் கலந்து பதினைந்து நிமிடம் விடுவேன். ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டு மறுபடி ஏன் தண்ணீர் என்று தோன்றும். அந்த ஒரு ஸ்பூன் தண்ணீர், சோடாவைச் சீராகப் பரப்புவதற்கு மட்டும். சோடாவின் காரத்தன்மையால் கறி தன் நீரை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் சிவக்கவும் செய்யும். கால் டீஸ்பூனுக்கு மேல் போனால் சோப்பு வாடை வந்துவிடும், கவனம். உப்பை இந்தக் கட்டத்தில் போடக் கூடாது. உப்புப் போட்டு ஊறிய அரைத்த கறி ரப்பர் மாதிரி இறுகும்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் வெங்காயம் நறுக்குவேன், சட்டியை அடுப்பில் வைப்பேன். எங்கள் வீட்டில் சுருள்கம்பி மின் அடுப்பு. சூடேற நேரம் எடுக்கும், ஏறினால் சட்டென்று இறங்காது. அதனால் நடுத்தர சூட்டில் ஐந்து நிமிடம் வெறும் சட்டியைக் காயவைப்பேன். தோசைக்கல் காய்ந்ததா என்று பார்க்க நாம் தண்ணீர் தெளிப்போமே, அதே சோதனைதான். துளி முத்து மாதிரி உருண்டு ஓடினால் சட்டி தயார். பிறகு ஒரு டேபிள்ஸ்பூன் கடலை எண்ணெய். அடுப்புக்கு மேலே இருக்கும் புகைவாங்கி விசிறியை இந்த நேரத்தில் மறக்காமல் போட்டுவிடுங்கள். மறந்தால் ஸ்மோக் அலாரம் அலறும், பிள்ளைகள் பயந்துவிடுவார்கள்.

இப்போது கறி. உதிர்த்துப் போடாதீர்கள். மொத்தத்தையும் சட்டியின் நடுவில் வைத்து, தோசைத்திருப்பியால் அழுத்தி, விரற்கடை கனத்துக்கு ஒரே பெரிய அடையாகத் தட்டுங்கள். அப்புறம் நான்கு நிமிடம் தொடக் கூடாது. இந்த நான்கு நிமிடம்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. நமக்குக் கை சும்மா இருக்காது, கிண்டிக்கொண்டே இருந்தால்தான் சமைக்கிற மாதிரி இருக்கும். கிண்டக் கிண்டச் சட்டியின் சூடு இறங்கி, தண்ணீர் வெளியேறி, மறுபடியும் அதே சாம்பல் கறிதான் வரும்.

காதைக் கொடுங்கள். போட்டவுடன் ‘சொர்’ரென்று பெரிய சத்தம் வரும். ஒரு நிமிடத்தில் அது தணிந்து, ஈரத்தில் கொதிக்கிற மாதிரி ‘களக் களக்’ என்று கேட்கும். அடையின் ஓரத்தில் நுரை கட்டியிருக்கும். மூன்றாவது நிமிடத்துக்கு மேல் நுரை அடங்கும். சத்தம் மெலிந்து, உயர்ந்து, கடுகு வெடிப்பதுபோல் ‘படபட’வென்று மாறும். ஓரத்தில் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று தெரியும். வறுத்த வேர்க்கடலை மாதிரி ஒரு வாசனை எழும்பும். அம்மா சொன்ன சத்தம் இதுதான். அடையை நான்காக வெட்டித் துண்டு துண்டாகத் திருப்பிப் போடுங்கள். அடிப்பக்கம் நன்றாக முறுவலான அடையின் நிறத்தில் இருக்க வேண்டும். மறுபக்கம் இரண்டு நிமிடம். பிறகு மரக்கரண்டியால் உதிர்த்து, ஒரு தட்டில் எடுத்து வைத்துவிடுங்கள். உள்ளே இன்னும் கொஞ்சம் வேகாமல் இருக்கும். கவலையில்லை, அது மறுபடி சட்டிக்கு வரப்போகிறது.

சட்டியின் அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதைச் சுரண்டி எறியாதீர்கள். இந்தச் சமையலின் மொத்த ருசியும் அதில்தான் இருக்கிறது.

காய்களுக்கும் ஒரு முறை உண்டு

காயை எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டினால் கேரட் நறுக்கென்று இருக்கும்போது சுக்கினி கூழாகியிருக்கும். கடினமானது முதலில், தண்ணீர்க் காய் பின்னால், கீரை கடைசியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வெங்காயமும் கேரட்டும் பீன்ஸும் மூன்று நான்கு நிமிடம். அவை விடும் ஈரத்திலேயே அடியில் ஒட்டியது பாதி இளகிவிடும். அடுத்து குடைமிளகாய், முட்டைக்கோஸ் இரண்டு நிமிடம். பிறகு சுக்கினி, ஃப்ரோசன் மக்காச்சோளம் இரண்டு நிமிடம். பசலைக்கீரை போடுவதானால் அடுப்பை அணைத்தபின் போட்டால் போதும்.

காளானுக்கு மட்டும் தனி விதி. காளானில் தண்ணீர் மிக அதிகம். அது வேண்டுமானால் கறியை எடுத்தவுடனே, வெறும் சட்டியில், உப்பில்லாமல், மற்ற காய்களுக்கு முன்னால் வதக்கிவிடுங்கள்.

இன்னொன்று, காய் சட்டியை நிறைத்துவிடக் கூடாது. ஒரு பவுண்டு கறிக்கு நறுக்கிய காய் ஐந்து கோப்பை என்பது பன்னிரண்டு அங்குலச் சட்டிக்கு எல்லை. அதற்குமேல் போனால் காய் ஒன்றன்மேல் ஒன்று அடைந்து அவிய ஆரம்பித்துவிடும்.

காய்களைப் பருவம் பார்த்து மாற்றிக்கொள்வேன். மே மாதம் மிச்சிகன் அஸ்பாரகஸ் வரும். விரல் நீளத்துக்கு ஒடித்துப்போட்டால் இரண்டே நிமிடம். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை சனிக்கிழமைகளில் டெட்ராய்ட் ஈஸ்டர்ன் மார்க்கெட்டுக்குப் போனால் சுக்கினியும் குடைமிளகாயும் சோளமும் கூடை கூடையாகக் குவிந்திருக்கும். குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸும் கேரட்டும், ஃப்ரீஸர் பீன்ஸும். ஃப்ரீஸர் காயைத் தாழ்வாக நினைக்காதீர்கள். பறித்த கையோடு உறைய வைத்தது அது. உருக விடாமல், உறைந்தபடியே சூடான சட்டியில் போட வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

சட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். வான்கோழி, தக்காளி, குடைமிளகாய், மக்காச்சோளம், சுக்கினியின் மூதாதையான பூசணி எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்தே உலகத்துக்குப் போனவை. நம் மிளகாயும் இங்கிருந்துதான் போர்த்துகீசியர் வழியாக நம்மிடம் வந்தது. அதனால் எங்கள் மதுரை மிளகாய்த்தூளை இந்தக் கறியில் போடும்போது அது சொந்தக்காரர்களோடு மறுபடி சேர்ந்துகொள்வது போலத்தான் இருக்கிறது.

மசாலாவைக் கொழுப்பில் பொரியுங்கள்

காய் முக்கால் பதம் வந்ததும் நடுவில் இடம் ஒதுக்கி ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, இஞ்சி பூண்டு விழுதும் மசாலாத் தூள்களும் உப்பும் ஒரு டேபிள்ஸ்பூன் தக்காளி பேஸ்ட்டும் அதில் போட்டு, பேஸ்ட் செங்கல் நிறத்துக்கு வரும்வரை ஒரு நிமிடம் வதக்குவேன். காய்மேல் தூவினால் தூளின் பச்சை வாசனை போகாது. பழத் தக்காளிக்குப் பதில் பேஸ்ட் வைத்துக்கொண்டதே எனக்குப் பெரிய விடுதலை. தண்ணீரை வற்றவைத்த தக்காளி அது. டின்னைத் திறந்தால் மீதியை ஒவ்வொரு ஸ்பூனாகத் தட்டில் வைத்து உறைய விட்டு ஒரு பையில் போட்டுவிடுவேன். ஒரு உருண்டை ஒரு நாளைக்கு.

பிறகு கறியைத் தட்டிலிருந்து திருப்பிப் போட்டு, கால் கோப்பை வெந்நீர் விட்டு, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டுவேன். ஒட்டியிருந்ததெல்லாம் கரைந்து கறியையும் காயையும் பளபளவென்று பூசிக்கொள்ளும். இரண்டு மூன்று நிமிடம். அடுப்பை அணைத்தபின் எலுமிச்சைச் சாறும் கொத்தமல்லியும். புளிப்பு கட்டாயம் வேண்டும். வான்கோழியின் சப்பைத்தன்மையை எடுக்க உப்பைக் கூட்டுவதைவிட அரை எலுமிச்சை நன்றாக வேலை செய்யும்.

நான்கு பேருக்கு, ஒரு டப்பாவுக்கும் சேர்த்து என் அளவு: 93/7 கறி ஒரு பவுண்டு, பெரிய வெங்காயம் ஒன்று, கேரட் ஒன்று, ஒரு கை பீன்ஸ், குடைமிளகாய் ஒன்று, சுக்கினி ஒன்று, இஞ்சி பூண்டு விழுது ஒரு டேபிள்ஸ்பூன், மல்லித்தூள் இரண்டு டீஸ்பூன், மிளகாய்த்தூளும் சீரகத்தூளும் ஒவ்வொரு டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், எண்ணெய் மொத்தம் இரண்டு டேபிள்ஸ்பூன்.

இதே முறையில் ருசியை மட்டும் மாற்றலாம். பிள்ளைகளுக்குப் பிடித்தது சீரகத்தூள் தூக்கலாக, சோளமும் டின் கறுப்பு பீன்ஸும் சேர்த்து, டார்ட்டியாவில் சுருட்டித் தின்பது. மனைவிக்குச் சோம்பும் மிளகும் கறிவேப்பிலையும் போட்டு, முட்டைக்கோஸும் பீன்ஸுமாக, சோற்றோடு. மூன்றாவது, மசாலா எதுவும் இல்லாமல் இஞ்சியும் பூண்டும் நிறையப் போட்டு, கடைசியில் இரண்டு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ். சோயா சாஸிலேயே உப்பு இருப்பதால் அன்று உப்பைத் தொட வேண்டாம்.

விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாதவை

ஊரில் கறியை மஞ்சளும் உப்பும் போட்டு நாலு தண்ணீர் அலசுவோம். இங்கே அந்தப் பழக்கத்தை விடுங்கள். கோழி இனக் கறியைக் கழுவ வேண்டாம் என்பதுதான் அமெரிக்க வேளாண்மைத் துறையின் அறிவுரை. கழுவும் தண்ணீர் தெறித்து, சிங்க்கிலும் பக்கத்துப் பாத்திரத்திலும் கிருமி பரவும். அரைத்த கறியைக் கழுவவும் முடியாது. கிருமியைக் கொல்வது சூடு. கறி தொட்ட கையை இருபது விநாடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காய் நறுக்கும் பலகையும் கறிப் பலகையும் தனித்தனியாக இருக்கட்டும்.

அரைத்த வான்கோழி 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சில நேரம் வெந்த கறியிலும் இளஞ்சிவப்பு இருக்கும், வேகாத கறியிலும் அது மறைந்திருக்கும். உதிரியாக இருப்பதில் தெர்மாமீட்டரை எப்படிக் குத்துவது என்று குழம்ப வேண்டாம். கடைசியில் கறியைக் கரண்டியால் ஒரு குவியலாகக் கூட்டி நடுவில் குத்துங்கள். எங்கள் வீட்டில் எண்ணைப் படித்துச் சொல்வது மகளின் வேலை. பதினொரு வயதாகிறது. 165 வராமல் தட்டு எடுத்து வைக்க விடமாட்டாள்.

பச்சைக் கறி ஃப்ரிட்ஜில் ஒன்றிரண்டு நாள்தான் தாங்கும். அதனால் வாங்கி வந்த அன்றே ஒவ்வொரு பவுண்டாக ஜிப் பைகளில் போட்டு, சப்பாத்தி உருட்டுவதுபோல் அரை அங்குலக் கனத்துக்குத் தட்டையாக்கி உறைய வைப்பேன். முந்தைய இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் மறுநாள் மாலை தயார். மறந்துபோனால், பையோடு குளிர்ந்த தண்ணீரில் மூழ்க வைக்கலாம். அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். தட்டையாக இருந்தால் பெரும்பாலும் அந்த முதல் அரை மணிக்குள் உருகிவிடும். சமையல் மேடையில் வைத்து உருக விடவே கூடாது.

டப்பாவுக்கும் அதே கவனம் வேண்டும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே விடக் கூடாது. மனைவியின் டப்பாவுக்கென்று அகலமான, ஆழமில்லாத பாத்திரம் வைத்திருக்கிறேன். சட்டியிலிருந்து முதலில் அவளுக்குத்தான் எடுப்பேன். நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஆறிவிடும். ஐஸ் பேக் வைத்த பையில் போட்டுக் கொடுத்தால், போனதும் அவர்கள் அறை ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவாள். நடுச்சாமத்தில் மைக்ரோவேவில் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடுவாள். இந்த மறுசூட்டை நினைத்தே காயை ஒரு பதம் முன்னால் நிறுத்துகிறேன். சட்டியிலேயே முழுதாக வெந்த சுக்கினி ராத்திரி ஒரு மணிக்குக் கூழாகத்தான் இருக்கும்.

ஞாயிறு மாலை நாற்பது நிமிடம்

வாரநாள் அரை மணியில் முடிவதற்குக் காரணம் ஞாயிறு மாலையில் நான் ஒதுக்கும் நாற்பது நிமிடம். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், குடைமிளகாய் நறுக்கித் தனித்தனி டப்பாவில், அடியில் பேப்பர் டவல் விரித்து வைப்பேன். டவல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சுக்கினியையும் காளானையும் அன்றன்றுதான் நறுக்க வேண்டும். மசாலாத் தூள்களை மூன்று நாளுக்கு மூன்று சின்னக் கிண்ணங்களில் அளந்து மூடிவிடுவேன். மாலை ஐந்தரை மணிக்கு, பசித்த பிள்ளைகள் காலடியில் நிற்க, ஆறு டப்பாவைத் திறந்து ஸ்பூன் தேடுவதில்தான் நேரம் அதிகம் போகிறது. சோறு வைப்பது மனைவி. மத்தியானம் தூங்கி எழுந்ததும் அரிசியைக் களைந்து ரைஸ் குக்கரில் போட்டுவிடுவாள்.

சட்டி பழக வேண்டும்

என்னிடம் இருப்பது பன்னிரண்டு அங்குல லாட்ஜ் வார்ப்பிரும்புச் சட்டி. டென்னசி மாநிலம் சவுத் பிட்ஸ்பர்க்கில் 1896-இலிருந்து இயங்கும் நிறுவனம் அது. ஏறக்குறைய மூன்றரைக் கிலோ கனம், அதனால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிர்ந்த கறியைப் போட்டாலும் சூடு படுத்துவிடாது. புதுத் தோசைக்கல்லைப் பழக்குகிற மாதிரி இதையும் பழக்க வேண்டும். முதல் மாதம் ஒட்டத்தான் செய்யும், மனம் தளராதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுத் தேய்த்து, அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்கி, ஒரு துளி எண்ணெய் தடவினால் போதும். தக்காளியோ எலுமிச்சையோ பட்ட உணவை ராத்திரி முழுக்க அதில் விட்டுவைக்காதீர்கள். புளிப்பு, பழகிய எண்ணெய்ப் பூச்சைக் கரைத்துவிடும்.

வார்ப்பிரும்பு கிடைக்காவிட்டால் கனமான ஸ்டீல் சட்டி போதும். நான்ஸ்டிக் சட்டியை வெறுமனே காயவைக்கக் கூடாது என்பதால் அதில் இந்தச் சிவப்பு வராது.

ஆறு மணி

இப்போது ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் இப்படிப் போகிறது. 5:15-க்கு வருகிறேன். 5:20-க்குக் கறியில் சோடா. 5:30-க்குச் சட்டி காய்கிறது. 5:35-க்கு அடை தட்டுகிறேன். 5:42-க்குக் கறி தட்டில், காய் சட்டியில். 5:52-க்கு மசாலா. 5:57-க்கு மகள் “165” என்கிறாள். ஏழு வயது மகன் எலுமிச்சை பிழிகிறான். கொட்டையை எடுக்கத் தனியாக ஒரு ஸ்பூன் வைத்திருக்கிறான். ஆறு மணிக்கு நான்கு பேரும் மேசையில்.

அவள் கிளம்ப இருபது நிமிடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று மகன் சொல்ல ஆரம்பித்தால், அது முடிகிறவரை கேட்க அவளுக்கு நேரம் இருக்கிறது. முதல் குளிர்காலத்தில் அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் கோட்டை மாட்டிக்கொண்டிருப்பாள். அப்போதும் இதே ஒரு மணி ஐந்து நிமிடம்தான் இருந்தது, இதே அடுப்புதான் இருந்தது. கறிக்கு முன்னால் தக்காளி போட்டதில்தான் எங்கள் இருபது நிமிடம் போய்க்கொண்டிருந்தது.